பிரேக் இல்லாத வண்டிகள், பணிய மறுத்த லீக்

நியூகாஸில், கிளாஸ்கோ, ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயர்கள் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்குப் புதியவை அல்ல. நம் பாதைகளில் ஓடிய நீராவி எஞ்சின்களில் ஏராளமானவை கிளாஸ்கோவில் செய்யப்பட்டவை. எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பித்தளைத் தகட்டைப் படித்தாலே தெரிந்துவிடும். ஷெஃபீல்டு என்றால் எஃகு. நியூகாஸில் என்றால் ஸ்டீபன்சன் தொழிற்சாலை. அந்த ஊர்களில் சம்மட்டி பிடித்தவர்களும் பட்டறையில் நின்றவர்களும் கோடை மாலைகளில் எங்கே பொழுதைப் போக்கினார்கள்? கால்பந்துக்குக் கோடையில் விடுமுறை. அந்த நாட்களில் அவர்களில் பலர் பிள்ளைகுட்டிகளோடு போனது ஸ்பீட்வே மைதானத்துக்கு. ஸ்பீட்வே என்பது மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒரு வகை.

அந்த ஸ்பீட்வேயின் இரண்டாம் நிலை லீக் ஒன்று, 1964-ஆம் ஆண்டு, தன்னை ஆளும் வாரியத்தின் உத்தரவுக்குப் பணிய மறுத்து, ஒரு முழுப் பருவத்தையும் தானாகவே நடத்தி முடித்தது. பன்னிரண்டு சிறிய குழுக்கள் செய்த காரியம் இது. நம் பத்திரிகைகளில் இந்தக் கதை அதிகம் வந்ததாகத் தெரியவில்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டுப் பேச்சு எழாத நம் வீடுகளில் இதையும் ஒரு மாலை பேசலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

வண்டியும் தடமும்

முதலில் வண்டியைப் பார்ப்போம். 500 சிசி எஞ்சின், ஒரே சிலிண்டர். கியரும் ஒன்றுதான். பிரேக் முன்சக்கரத்திலும் இல்லை, பின்சக்கரத்திலும் இல்லை. கேட்டவுடன் நம் தாய்மார்கள் "ஐயையோ" என்பார்கள். ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. நான்கு பேர் முட்டி உரசும் நெருக்கத்தில் வளைவுக்குள் பாயும்போது ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால், பின்னால் வருபவர் நேராக அவர் மேல் ஏறிவிடுவார். ஒருவரிடமும் பிரேக் இல்லை என்றால் எல்லோருடைய ஓட்டமும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். அதுவே அங்கே பாதுகாப்பு.

தடம் முட்டை வடிவில், சுமார் 300 முதல் 400 மீட்டர் நீளம் இருக்கும். மேலே தளர்வான கல்தூள் பரப்பியிருப்பார்கள். இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ரயில் பாதையில் வளைவு வந்தால் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்போம். வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்க அந்த உயரம் உதவும். ஸ்பீட்வே தடம் ஏறக்குறைய சமதளம். அங்கே வளைவைச் சமாளிப்பது ஓட்டுபவரின் வலது கை. வளைவில் நுழையும்போது அவர் வண்டியைச் சாய்த்து, பின்சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்க விடுகிறார். வண்டி குறுக்காகத் திரும்பிய நிலையில் ஆக்சிலரேட்டரைத் திருகினால், பின்சக்கரத்தின் தள்ளுவிசையில் ஒரு பங்கு வளைவின் உட்பக்கம் நோக்கி வேலை செய்கிறது. வண்டி இடது பக்கம் போகும், முன்சக்கரமோ வலது பக்கம் திரும்பியிருக்கும். இடது காலில் அணிந்த இரும்புக் காலணி தரையில் உராய்ந்துகொண்டே வரும். வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, திரும்புவது மூன்றும் ஒரே கைப்பிடியில் அடக்கம்.

எரிபொருள் பெட்ரோல் அல்ல, மெத்தனால். அது ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கும். அதனால் பெட்ரோல் எஞ்சினில் முடியாத அளவுக்குச் சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டலாம். சாதாரண எஞ்சின் எண்ணெய் மெத்தனாலோடு ஒத்துப்போகாது. ஆகவே அக்காலத்தில் ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகெண்ணெயைப் பயன்படுத்தினார்கள். ஸ்பீட்வே ரசிகர்கள் வாழ்நாள் முழுதும் மறக்காத வாசனை என்று சொல்வது அதைத்தான். நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்!

குழுவுக்கு ஏழு பேர். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு குழுக்களிலிருந்தும் இருவர் வீதம் நால்வர் வருவார்கள். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியானவருக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்லும் லீக்கில் ஒரு மாலைக்கு 13 ஓட்டங்கள். மொத்தம் 78 புள்ளி. 40 எடுத்த குழு வென்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மைதானத்தில் உட்கார்ந்து பென்சிலால் கணக்கு எழுதிக்கொண்டே பார்க்கக்கூடிய ஆட்டம்.

இரண்டாம் லீக் பிறந்த விதம்

பிரிட்டனில் ஸ்பீட்வேயின் முதல் பந்தயம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது, 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை அடுத்த எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில் நடந்தது. ஆட்டம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில ஆண்டுகள் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. அப்புறம் கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் சேர்ந்து கூட்டத்தைக் குறைத்தன. ஐம்பதுகளின் கடைசியில் சுமார் பத்துக் குழுக்களோடு ஒரே ஒரு லீக் மிஞ்சியது. அதன் பெயர் நேஷனல் லீக்.

அந்த நிலையில் மைக் பார்க்கர், ரெக் ஃபியர்மன் முதலிய சில நடத்துநர்கள் 1960-ல் பிராவின்ஷியல் லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பத்துக் குழுக்கள். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. வயதாகி ஒதுங்கியவர்கள், மேல் லீக்கில் இடம் கிடைக்காதவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள், இவர்களே வீரர்கள். மைதானமும் பல ஊர்களில் நாய்ப் பந்தய மைதானம்தான். வீரர்களுக்குக் கொடுக்கும் பணம் குறைவு, ஆகவே நடத்தும் செலவும் குறைவு. மூடிக் கிடந்த மைதானங்கள் பல இதனால் திறந்தன.

ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி ஒன்றிரண்டு இருக்கும். இரண்டாம் வகுப்புப் பெட்டிகள்தான் வண்டியின் நீளம். பிராவின்ஷியல் லீக்கும் அப்படி ஆயிற்று. 1964-ல் மேல் லீக்கில் ஏழு குழுக்கள், கீழ் லீக்கில் பன்னிரண்டு. நியூகாஸில், மிடில்ஸ்பரோ, ஷெஃபீல்டு, லாங் ஈட்டன், வுல்வர்ஹாம்ப்டன், கிராட்லி ஹீத், ஹாக்னி, பூல், எக்ஸெட்டர் ஆகியவை இங்கிலாந்து ஊர்கள். நியூபோர்ட் வேல்ஸ் பகுதி. எடின்பரோவும் கிளாஸ்கோவும் ஸ்காட்லாந்து. இதில் லாங் ஈட்டனை ரயில்வேக்காரர்கள் இன்னொரு காரணத்துக்காக அறிவார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய சரக்கு ரயில் யார்டுகளில் ஒன்றான டோட்டன், அந்த ஊரை ஒட்டியே இருக்கிறது.

உத்தரவும் மறுப்பும்

1963 பருவத்தோடு மேல் லீக்கில் சவுத்தாம்ப்டன் குழு மூடப்பட்டது. காலி இடத்தை நிரப்ப வேண்டும். ஸ்பீட்வேயை ஆண்டுவந்த கட்டுப்பாட்டு வாரியம், அந்த ஆண்டு பிராவின்ஷியல் லீக்கில் முதலிடம் பெற்ற வுல்வர்ஹாம்ப்டன் குழு மேலே வர வேண்டும் என்றது.

பார்வைக்கு இது பதவி உயர்வு. நம்மில் யாராவது பதவி உயர்வை வேண்டாம் என்போமா? குடும்பத்தோடு வெளியூர்களில் இருக்கும் நமக்கு இதற்கு விடை தெரியும். சம்பளம் கொஞ்சம் கூடும், ஆனால் மாற்றல் ஆகும் ஊரில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் இரட்டிப்பு என்றால், உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கணக்குப் போடுவோம். வுல்வர்ஹாம்ப்டன் நடத்துநர்களும் கணக்குப் போட்டார்கள். மேல் லீக்கில் ஸ்வீடனின் ஓவ் ஃபுண்டின், நியூசிலாந்தின் பாரி பிரிக்ஸ் போன்ற உலக சாம்பியன்கள் ஓட்டினார்கள். அவர்களுக்கு ஈடுகொடுக்க வீரர்களைத் தேட வேண்டும், பணம் கூட்டித் தர வேண்டும். மைதானத்தின் அளவு மாறாது, டிக்கெட் வாங்குகிற தொழிலாளியின் சட்டைப்பையும் மாறாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வாரியம் விடவில்லை. இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். உத்தரவு வந்தது வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஒரே குழுவுக்கு. மற்ற பதினொரு குழுக்களுக்கும் அதனால் நேரடி நஷ்டம் எதுவும் இல்லை. பலமான குழு ஒன்று மேலே போனால் தங்களுக்கு முதலிடம் எளிதாகும் என்றுகூட அவை நினைத்திருக்கலாம். அப்படி நினைக்காமல், பிராவின்ஷியல் லீக் மொத்தமும் வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் நின்றது. வாரியத்தின் அனுமதி இல்லாமலேயே பருவத்தை நடத்துவது என்று முடிவாயிற்று. 1964 பருவத்தை ஸ்பீட்வே வரலாற்றில் இன்றும் "கறுப்பு" பருவம் என்று குறிப்பிடுகிறார்கள். அனுமதி பெறாத பந்தயம் என்று பொருள்.

வாரியத்தின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. விதிகளை ஒருவர் வகுத்து எல்லோரும் அதன்படி நடந்தால்தான் ஆபத்தான விளையாட்டு ஆபத்தில்லாமல் நடக்கும். ஜெனரல் ரூல்ஸ் புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான். சிக்னல் சிவப்பாக இருந்தால் வண்டி நிற்க வேண்டும், அதில் விவாதத்துக்கு இடமே கிடையாது. ஆனால் சிக்னல் விதி வேறு, ஒரு அலுவலகத்தின் காலியிடத்தை நிரப்ப வரும் உத்தரவு வேறு. முதலாவது உயிரைக் காக்கிறது. இரண்டாவது நிர்வாக வசதி. நிர்வாக வசதிக்கான உத்தரவைக் கேள்வி கேட்டால் சிக்னலையே மீறிவிட்டதாகப் பார்ப்பது எல்லா நாட்டு அலுவலகங்களிலும் உள்ள பழக்கம்.

ஆகவே அந்த ஆண்டும் அதே நான்கு பேர், அதே நான்கு சுற்று, அதே 13 ஓட்டங்கள். ஒவ்வொரு குழுவும் மற்ற பதினொன்றோடும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரியின் ஊரில் ஒருமுறை, ஆக 22 பந்தயம். லீக் முழுவதற்கும் 132. அங்கீகாரம் இல்லாத ஒரு லீக், அட்டவணை போட்டுப் பருவத்தை முடித்து, சாம்பியனையும் அறிவித்தது. வென்றது நியூகாஸில் டயமண்ட்ஸ்.

விலை கொடுத்தவர்கள்

நடத்துநர்களுக்கு இது பணப் பிரச்சினை. வீரர்களுக்கோ எதிர்காலப் பிரச்சினை. அனுமதி இல்லாத பந்தயத்தில் ஓடியவர்களுக்கு அதிகாரபூர்வமான பந்தயங்களின் கதவு மூடப்பட்டது. உலக சாம்பியன் போட்டியும் அதில் அடக்கம்.

அந்த ஆண்டு நியூகாஸில் குழுவின் தலைசிறந்த வீரர் ஐவன் மேஜர். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 1939-ல் பிறந்தவர். 1957-ல், பதினேழு வயதில், இளம் மனைவியோடு இங்கிலாந்துக்கு வந்து லண்டனின் விம்பிள்டன் குழுவில் முயன்று பார்த்தார். அப்போது இருந்தது ஒரே லீக். அதில் தேர்ந்தவர்களுக்கே இடம், புதியவர்களுக்கு எப்போதாவது ஓர் ஓட்டம். இருபது வயதுகூட நிரம்பாத பையன் எவ்வளவு நாள் காத்திருப்பான்? ஊர் திரும்பினார். வெளியூரில் பிழைக்கப் போய், நடக்கவில்லை என்று பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தவர்களை நம் உறவிலும் பார்த்திருக்கிறோம். அந்த இளைஞன் எந்த முகத்தோடு கப்பலிலிருந்து இறங்கியிருப்பான் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1963-ல் அவர் மறுபடியும் இங்கிலாந்து வந்தார். இந்த முறை பிராவின்ஷியல் லீக் இருந்தது. நியூகாஸிலில் வாரந்தோறும் ஓட்டம், ஒரே மாலையில் பல முறை. தவறவிட்ட வளைவை அடுத்த ஓட்டத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். அந்த ஆண்டே லீக் வீரர்களுக்கான தனிநபர் சாம்பியன் பட்டம் பெற்றார். 1964-லும் அவருக்கே. ஆனால் அந்த 1964-ல் உலகப் போட்டியின் வாசல் அவருக்கு மூடியிருந்தது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் அவர் நாட்டவரான பாரி பிரிக்ஸ் உலக சாம்பியன் ஆனார். இருபத்தைந்து வயதை நெருங்கும் பந்தய வீரனுக்கு ஒரு வருடம் போவது சின்ன விஷயம் அல்ல. மேஜரைப் போலப் பெயர் பெறாத மற்ற வீரர்களும் அதே விலையைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த சௌகரியங்கள் எவ்வளவு கிடைத்தன என்பது வேறு கேள்வி.

விசாரணையும் முடிவும்

இப்படியே இரண்டாவது வருடமும் போனால் இரண்டு லீக்குகளும் அழியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு விசாரணைக்கு ஏற்பாடு செய்து, லார்டு ஷாக்ராஸ் என்பவரைத் தலைமை தாங்க வைத்தது. சாதாரண மனிதர் அல்ல. போர் முடிந்து நாஜித் தலைவர்களை நியூரம்பர்க்கில் விசாரித்தபோது பிரிட்டனின் தலைமை வழக்கறிஞராக வாதாடியவர். நாய்ப் பந்தய மைதானங்களில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் சண்டைக்கு அப்படிப்பட்டவர் வந்து உட்கார்ந்தார் என்பதிலிருந்தே விவகாரம் எவ்வளவு முற்றியிருந்தது என்று தெரிகிறது.

விசாரணையின் பயனாக ஆளும் முறை மாற்றி அமைக்கப்பட்டது. நடத்துநர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சங்கம் உருவாயிற்று. 1965-ல் இரண்டு லீக்குகளும் இணைந்து பிரிட்டிஷ் லீக் பிறந்தது. மேல் லீக்கிலிருந்து ஆறு குழுக்கள். நார்விச் வரவில்லை, அதன் மைதானம் வீடு கட்டுவதற்காக விற்கப்பட்டுவிட்டது. கீழ் லீக்கிலிருந்து பன்னிரண்டு இடங்களும் வந்தன, மிடில்ஸ்பரோவின் இடத்தில் மட்டும் ஹாலிஃபாக்ஸ். மொத்தம் பதினெட்டு. மேலே வர மாட்டேன் என்ற வுல்வர்ஹாம்ப்டனும் இப்போது பிரிக்ஸ் ஓட்டும் ஸ்விண்டனோடு ஒரே லீக்கில் ஓடியது. ஆனால் தனியாக இழுத்துப் போகப்பட்டு அல்ல, தோழர்கள் பதினொருவரோடு சேர்ந்து.

வென்றவர்கள் தோற்றவர்களை வெளியே நிறுத்தவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். கீழ் லீக்கின் குழுக்கள் நினைத்திருந்தால், எண்ணிக்கையில் பெரியவர்கள் நாங்களே என்று தனியாக நடத்தியிருக்கலாம். ஆறும் பன்னிரண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததால்தான் விளையாட்டு பிழைத்தது.

ஐவன் மேஜருக்கும் வாசல் திறந்தது. 1966 உலக இறுதியில் நான்காவது, 1967-ல் மூன்றாவது, 1968-ல் சாம்பியன். 1969, 1970 ஆண்டுகளிலும் அவரே. பிறகு 1972, 1977, 1979. ஆக ஆறு உலகப் பட்டங்கள். 2018-ல் காலமானார்.

பிறகு நடந்தது

ஒரே லீக் என்ற ஏற்பாட்டால் ஒரு குறையும் வந்தது. புதிய பையன்கள் கற்றுக்கொள்ள இடம் இல்லாமல் போயிற்று. 1957-ல் மேஜருக்கு நேர்ந்தது இன்னும் எத்தனையோ பேருக்கு நேரலாம். மூன்று வருடம் கழித்து, 1968-ல், பத்துக் குழுக்களோடு இரண்டாம் டிவிஷன் ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை இரண்டும் ஒரே கூரையின் கீழ். 1971-ல் அந்த இரண்டாம் டிவிஷனில் ராச்டேல் குழுவுக்கு ஓட்டிய பீட்டர் காலின்ஸ் என்ற பையன், 1976-ல் உலக சாம்பியன் ஆனான். இரண்டாம் நிலை என்பது பெயர்களை மாற்றிக்கொண்டே வந்து, 2017 முதல் சாம்பியன்ஷிப் என்று அழைக்கப்படுகிறது.

1964-ன் பன்னிரண்டு குழுக்களில் பல இன்று இல்லை. அன்று வென்ற நியூகாஸில் 2022-ல் பருவத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிய வுல்வர்ஹாம்ப்டன், மைதானத்தின் சொந்தக்காரர்கள் மேற்கொண்டு இடம் தராததால், 2023 பருவத்தோடு மான்மோர் கிரீன் மைதானத்தைவிட்டு வெளியேறியது. வாரியத்தோடு போராடலாம், விசாரணை கேட்கலாம். வாடகை இடத்தின் சொந்தக்காரர் போதும் என்று சொன்னால் போராட எதுவும் இல்லை. பூல், கிளாஸ்கோ, எடின்பரோ, ஷெஃபீல்டு ஆகிய நான்கும் 2025 பருவத்திலும் ஓடின. அவற்றில் ஷெஃபீல்டு தவிர மற்ற மூன்றும் ஓடியது இரண்டாம் நிலையில்தான்.

வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களில் பல வருடம் உழைத்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மூன்று பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம் என்று பிரிந்து ஒரே பேட்டையில் இரண்டு பொங்கல் விழா நடந்ததையும் பார்த்திருக்கிறோம். பிரிந்தவர்கள் மறுபடி ஒரே பந்தியில் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறோம். ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உத்தரவு போடும்போது, நமக்கென்ன என்று மற்றவர்கள் இருந்துவிடுவதே வழக்கம். 1964-ல் அந்தப் பதினொரு குழுக்கள் அப்படி இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது பிரேக் இல்லாத வண்டியில் ஆரம்பியுங்கள், காது கொடுப்பார்கள். அப்புறம் இந்தப் பதினொருவரைப் பற்றியும் சொல்லுங்கள்.